ரோபோ உதவியுடன் இதய வால்வு அறுவை: முடிவெடுப்பதிலிருந்து வீடு திரும்பிய பிறகு வரை

மார்பெலும்பைப் பிளக்காமல் ரோபோ மூலம் வால்வைச் சரிசெய்துவிடலாம் என்று கேள்விப்பட்டு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், ரோபோவைப் பற்றிய கேள்வியை மூன்றாவது இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த வால்வுக்கு இப்போதே அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது முதல் கேள்வி. வேண்டுமென்றால், இருக்கும் வால்வையே பழுதுபார்க்க முடியுமா அல்லது அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்த வேண்டுமா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே, இதயத்தை எந்த வழியாக அணுகுவது என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு. வரிசை மாறினால், தழும்பு சிறிதாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத் தம் வால்வுக்கு ஒத்துவராத வழியை நோயாளி பிடித்துக்கொள்ள நேரிடும். இங்கே சொல்லப்படுபவை மருத்துவக் குழுவிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவும். மருந்தை நிறுத்துவது, அறுவைக்கு நாள் குறிப்பது போன்ற முடிவுகளை அந்தக் குழுவே எடுக்க வேண்டும்.

ரோபோ செய்வதும் செய்யாததும்

இயந்திரம் தானாக எதையும் வெட்டுவதோ தைப்பதோ இல்லை. அறுவை அரங்கின் ஒரு பக்கத்தில் இருக்கும் கன்சோலில் அறுவை மருத்துவர் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியில் வால்வைப் பார்க்கிறார். அவருடைய விரல்களின் அசைவை, நோயாளியின் வலது விலா இடுக்குகள் வழியே நுழைந்திருக்கும் மெல்லிய கருவிகள் அளவில் குறைத்தும் கைநடுக்கத்தை வடிகட்டியும் உள்ளே நிகழ்த்துகின்றன. கருவிகளின் நுனி மணிக்கட்டைப் போல எல்லாப் பக்கமும் திரும்பும் என்பதால், நீளமான நேர்க்கருவிகளால் எட்ட முடியாத கோணங்களிலும் தையல் போட முடிகிறது. நோயாளியின் அருகில் இன்னொரு அறுவை மருத்துவர் நின்று, ஊசியையும் நூலையும் உள்ளே அனுப்புவது, கருவிகளை மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்கிறார். கன்சோலில் இருப்பவரைப் பற்றி மட்டுமே பலரும் விசாரிக்கிறார்கள். அருகில் நிற்பவரின் அனுபவமும் அதே அளவுக்கு முக்கியமானது.

பாரிஸில் இதய அறுவை மருத்துவர் அலைன் கார்பென்டியே 1998-இல் டா வின்சி என்ற ரோபோ அறுவைக் கருவியின் முன்மாதிரியைக் கொண்டு மைட்ரல் வால்வைப் பழுதுபார்த்தார். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இல் இக்கருவியை மைட்ரல் வால்வு பழுதுபார்ப்புக்கு அனுமதித்தது. எனவே இது நேற்று முளைத்த சோதனை முறை அன்று. ஆனாலும் இதய அறுவை செய்யும் மையங்களில் ஒரு சிறு பகுதியே இதைத் தொடர்ந்து செய்து வருகிறது. இம்முறையில் பெரும்பாலும் கையாளப்படுவது மைட்ரல் வால்வு, அதாவது இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வு. வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே உள்ள ட்ரைகஸ்பிட் வால்வையும், இதய மேலறைகளுக்கு நடுவே உள்ள துளையையும் இதே வழியில் சரிசெய்கிறார்கள். பெருந்தமனி வால்வை ரோபோ மூலம் மாற்றுவது சில மையங்களில் மட்டுமே நடக்கிறது. முதியவர்களின் பெருந்தமனி வால்வுச் சுருக்கத்துக்குத் தொடை இரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாய் மூலம் வால்வு பொருத்தும் டாவி என்ற வேறொரு முறை பரவலாக உள்ளது. ஆகவே இனி வருவது பெரும்பாலும் மைட்ரல் வால்வைப் பற்றியே.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெட்டு சிறியது என்பதால் அறுவையும் சிறியது என்று ஆகிவிடாது. இதயத் துடிப்பை நிறுத்தி, இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியிலிருந்து செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, இதயத்தின் மேலறையைத் திறந்தே வால்வைத் தொடுகிறார்கள். இதை முழுமையான திறந்த இதய அறுவையாகவே எண்ணி மனத்தையும் உடலையும் தயார் செய்துகொள்ள வேண்டும்.

இப்போதே அறுவை வேண்டுமா

இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கை நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: கசிவின் தீவிரம், இடது கீழறை இரத்தத்தை வெளியேற்றும் விழுக்காடான இ.எஃப்., கீழறை முழுதும் சுருங்கிய நிலையில் அதன் குறுக்களவு. மூச்சிரைப்பு, சோர்வு, கால் வீக்கம் போன்ற அறிகுறிகள் தோன்றிவிட்ட கடும் மைட்ரல் கசிவுக்கு அறுவை சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வால்வின் சொந்தக் குறைபாட்டால் கடும் கசிவு இருந்து அறிகுறி இல்லாதவர்களுக்கும், இ.எஃப். 60 விழுக்காடாகவோ அதற்குக் கீழோ வந்துவிட்டாலும், சுருங்கிய நிலைக் குறுக்களவு 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் போய்விட்டாலும், காத்திருக்க வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இ.எஃப். 60 என்றால் இயல்பான அளவுதானே என்று பலர் குழம்புவது உண்டு. மைட்ரல் வால்வு கசியும்போது, கீழறையிலிருந்து வெளியேறும் இரத்தத்தின் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்குத் திரும்பி ஓடுகிறது. இதனால் தளர்ந்துகொண்டிருக்கும் தசைகூட நன்றாக வேலை செய்வது போன்ற எண்ணைக் காட்டிவிடும். அதனால்தான் கசிவு உள்ளவரின் இதயத்தில் 60 என்பது எச்சரிக்கைக் கோடாகிறது. இந்தக் கோட்டைக் கடந்து பல மாதம் கழித்து அறுவை செய்தால், வால்வு சரியானாலும் தசை முழுமையாக மீளாமல் போகலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மிதமான கசிவுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ எடுத்துக் கண்காணிப்பதே பெரும்பாலும் போதும். வாதக் காய்ச்சலின் விளைவாக வால்வு சுருங்கியவர்களில் பலருக்கு, இதழ்களின் அமைப்பு ஏற்றதாக இருந்தால், கதீட்டர் வழியே பலூன் கொண்டு விரித்துவிடுவதே முதல் சிகிச்சையாக இருக்கும். மாரடைப்பாலோ தசை தளர்ச்சியாலோ கீழறை விரிந்து, அதன் பின்விளைவாக வால்வு கசியும் நிலையில், முதலில் மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுவருவதே முறை. அந்த நிலையில் சிலருக்கு அறுவையைவிடக் கதீட்டர் வழியே இதழ்களைக் கிளிப்பால் இணைக்கும் சிகிச்சை பொருத்தமாக இருக்கலாம்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா

பொதுவாகக் கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ரோபோவைப் பற்றிப் பேசுவதில் செலவழித்துவிட்டு இந்தக் கேள்வியை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்; நேர்மாறாக இருப்பதே முறை என்பது என் கருத்து. அடுத்த இருபது ஆண்டு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது இதுவே.

இதழ் மேல்நோக்கிப் பிதுங்குவதாலோ, இதழைப் பிடித்திருக்கும் நாண்களில் ஒன்று அறுந்துவிட்டதாலோ கசிவு ஏற்பட்டிருந்தால், அனுபவமுள்ள கைகளில் அந்த வால்வைப் பெரும்பாலும் பழுதுபார்த்துவிட முடியும். பின்னிதழின் நடுப்பகுதி பிதுங்கியிருப்பது இவற்றுள் எளிதானது. முன்னிதழும் சேர்ந்திருந்தால் வேலை கடினம். மருத்துவர் பிதுங்கும் பகுதியைச் சிறிது வெட்டித் தைப்பார், அல்லது பி.டி.எஃப்.இ. என்ற பொருளாலான நூலைச் செயற்கை நாணாகக் கட்டுவார். அத்துடன் ஏறக்குறைய எப்போதும் வால்வின் அடி வட்டத்தில் ஒரு வளையத்தைத் தைப்பார். நிலைச்சட்டம் அகன்றுவிட்டால் இரண்டு கதவுகளும் நடுவில் பொருந்தாது அல்லவா, அந்தச் சட்டத்தை மீண்டும் அளவுக்குக் கொண்டுவருவதுதான் இந்த வளையத்தின் வேலை. சொந்த வால்வு நிலைத்தால் கீழறையின் வலிமை நன்றாகக் காக்கப்படுகிறது, வாழ்நாள் முழுதும் இரத்த உறைவு தடுக்கும் மருந்து எடுக்கும் தேவையும் வால்வின் பொருட்டு இல்லாமல் போகிறது.

வாதக் காய்ச்சலால் தடித்துச் சுண்ணம் படிந்த இதழ்களைப் பழுதுபார்ப்பது கடினம். செய்தாலும் நீடிக்காமல் போகலாம். அங்கே மாற்று வால்வைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையையும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் வாழ்நாள் முழுதும் கேட்கும். மைட்ரல் இடத்தில் வைத்த உலோக வால்வுக்கு ஐ.என்.ஆர். இலக்கு பொதுவாக 3-ஐ ஒட்டி, 2.5 முதல் 3.5 வரை இருக்கும். புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. விலங்குத் திசுவாலான வால்வுக்குத் தொடக்கத்தில் 3 முதல் 6 மாதம் வார்ஃபரின் போதும், ஆனால் 10 முதல் 15 ஆண்டுகளில் அது தேய்ந்து மறு சிகிச்சை தேவைப்படலாம். இளம் வயதினருக்குத் தேய்மானம் இன்னும் விரைவு. மைட்ரல் இடத்தைப் பொறுத்தவரை 65 வயதுக்கு உட்பட்டோருக்கு உலோக வால்வும், அதற்கு மேற்பட்டோருக்குத் திசு வால்வும் என்பது பொதுவான சாய்வு. கருவுற விரும்பும் பெண்கள் இதைத் தனியாகவே பேச வேண்டும், ஏனெனில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து.

அறுவைக்குள் நுழைந்த பின் திட்டம் மாறலாம். ஆகவே பழுதுபார்ப்பு கைகூடாவிட்டால் எந்த வகை வால்வு வைக்க வேண்டும் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது அதைக் கேட்க முடியாது.

ரோபோ வழி யாருக்குப் பொருந்தும்

இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை மார்புக்குள் வைக்க இம்முறையில் இடமில்லை. தொடை இடுக்கிலுள்ள தமனியிலும் சிரையிலும் அவற்றைப் பொருத்துகிறார்கள். இரத்தம் கால் தமனி வழியே மேல்நோக்கிப் பாயும் என்பதால், வழியில் சுண்ணமோ கொழுப்புப் படிவமோ இருந்தால் அது பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். இதற்காகவே மார்பு முதல் தொடை வரை இரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுக்கப்படுகிறது. அதை எடுக்காமலே ரோபோ அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

அறுவையின்போது வலது நுரையீரலைச் சுருக்கி, இடது நுரையீரலால் மட்டும் சில நேரம் சுவாசம் நடத்தப்படும். நுரையீரல் நோய் முற்றியவர்கள் இதைத் தாங்க மாட்டார்கள். முன்பு வலது மார்பில் அறுவையோ கதிர்வீச்சோ நடந்திருந்தால் நுரையீரல் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பெருந்தமனி வால்வும் கணிசமாகக் கசிந்தால், இதயத்தை நிறுத்தும் மருந்துக் கரைசலைச் செலுத்துவது சிக்கலாகும். வால்வின் அடி வட்டத்தில் கடுமையான சுண்ணப் படிவு, மிகவும் தளர்ந்த இதயத் தசை, கூடவே பைபாஸ் அறுவையும் தேவைப்படும் நிலை ஆகியவையும் பெரும்பாலும் மார்பெலும்பைத் திறக்கும் வழக்கமான முறைக்கே கொண்டு செல்லும். அப்படிச் சொல்லப்பட்டால் அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். மார்பெலும்பு வழியே நன்றாகப் பழுதுபார்க்கப்பட்ட வால்வு, சிறு துளை வழியே அரைகுறையாகப் பழுதுபார்க்கப்பட்ட வால்வைவிட எல்லா வகையிலும் மேலானது. ரோபோ இல்லாமலே, வலது மார்பில் சிறு வெட்டு வழியாக நீண்ட கருவிகளால் செய்யும் முறையும் உண்டு. தேர்ந்த குழுவிடம் அதுவும் நல்ல பலன் தருகிறது.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ரோபோ கருவி வாங்கியிருப்பது ஒரு மருத்துவமனையின் வசதியைக் காட்டும், திறமையைக் காட்டாது. இந்த அறுவையைக் கற்றுத் தேர்வதற்கு ஒரு குழு பல நோயாளிகளைக் கடந்து வர வேண்டியிருக்கிறது, தொடக்கக் கட்டத்தில் இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரமும் நீளும். எனவே கேள்விகளை எண்ணிக்கை நோக்கித் திருப்புங்கள். கடந்த ஓராண்டில் இதே மைட்ரல் அறுவையை ரோபோ மூலம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? என் வால்வைப் போன்ற குறைபாடு உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பழுதுபார்ப்பிலேயே முடிந்தது, எத்தனை பேருக்கு மாற்ற வேண்டியதாயிற்று? மார்பெலும்பைத் திறக்க வேண்டிய கட்டாயம் எத்தனை முறை வந்தது? பக்கவாதம், இரத்தக் கசிவுக்காக மறு அறுவை, மரணம் ஆகியவற்றின் கணக்கு என்ன? ஓராண்டு கழித்து எடுத்த எக்கோவில் கசிவு திரும்பியவர்கள் எத்தனை பேர்?

உலக அளவிலான சராசரியைச் சொல்லி நகர்ந்துவிடாமல், தம் குழுவின் கணக்கைச் சொல்லும் மருத்துவரை நம்பலாம். எனக்கு ரோபோ முறை வேண்டாம் என்று எப்போது சொல்வீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பொருந்தும் என்ற பதில் வந்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெற்றுக்கொள்வது நலம். செலவைப் பற்றியும் அப்போதே எழுத்தில் கேளுங்கள்: ரோபோ கருவிகளுக்கான தனிக் கட்டணம், வளையம் அல்லது வால்வின் விலை, திட்டம் மாறினால் ஆகும் கூடுதல், காப்பீடு எதை ஏற்கும் என்பவை தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

முன் தயாரிப்பு

உணவுக்குழாய் வழி எக்கோ, இதய இரத்தக்குழாய்களுக்கான ஆஞ்சியோ, நுரையீரல் திறன் சோதனை, சிறுநீரகம், சர்க்கரை, இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் வழக்கமானவை. பலரும் மறந்துவிடுவது பல் மருத்துவரைத்தான். சொத்தைப் பல்லிலிருந்தும் ஈறு வீக்கத்திலிருந்தும் கிருமிகள் இரத்தத்தில் கலந்து புதிய வளையத்திலோ வால்விலோ தங்கிவிடலாம் என்பதால், பல் வேலை அனைத்தையும் அறுவைக்கு முன்பே முடித்து, ஈறு ஆற நேரம் கொடுக்க வேண்டும்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற உறைவுத் தடுப்பு மருந்துகளை வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரைக்கும் இதயத் தளர்ச்சிக்கும் தரப்படும் டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மருந்துகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். எது எப்போது நிற்கும், எது அறுவை நாள் காலை வரை தொடரும் என்பதை மருந்துப் பெயர்வாரியாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக எதையும் நிறுத்தவே கூடாது. புகைபிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பு விட்டுவிட வேண்டும். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிப் பழகுவது உதவும். வலியோடு இருக்கும்போது புதிதாகக் கற்பது சிரமம்.

அறுவை அரங்கில்

மயக்கம் கொடுத்த பின், நுரையீரல்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் சுவாசக் குழாயும், உணவுக்குழாயில் எக்கோ கருவியும் வைக்கப்படும். வலது பக்கம் சற்று உயர்த்திய நிலையில், நான்காவது விலா இடுக்கை ஒட்டி சில செ.மீ. அளவுள்ள ஒரு வேலைத் துளையும், ரோபோ கைகளுக்காக ஒவ்வொன்றும் 8 மி.மீ. அளவுள்ள துளைகளும் போடப்படும். பெருந்தமனியை நீண்ட கிளாம்பால் அடைத்தோ, அதற்குள் பலூனை ஊதியோ, குளிர்ந்த மருந்துக் கரைசலால் இதயத்தை நிறுத்துவார்கள். மேலறை திறந்திருக்கும் வேளையில் மார்புக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்பப்படும். காற்றைவிட அது இரத்தத்தில் எளிதில் கரைவதால், குமிழி மூளைக்குச் செல்லும் அபாயம் குறைகிறது.

பழுதுபார்த்து முடித்ததும் கீழறைக்குள் உப்புநீரைச் செலுத்தி நிரப்புவார்கள். இதழ்கள் உப்பி எழுந்து, விளிம்பும் விளிம்பும் படிந்து, நீர் சொட்டாமல் நின்றால் மேலறையை மூடுவார்கள். ஆனால் நின்றுபோன இதயத்தில் செய்யும் இந்தச் சோதனை இறுதித் தீர்ப்பன்று. இதயம் மீண்டும் துடித்து, இயல்பான இரத்த அழுத்தம் வந்த பிறகு உணவுக்குழாய் எக்கோவில் பார்க்கும் படமே தீர்ப்பு. அதில் மிகச் சிறு கசிவுக்கு மேல் தெரிந்தால், நல்ல குழு மீண்டும் இயந்திரத்துக்குச் சென்று திருத்தும். வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் சொன்ன நேரத்தைவிடத் தாமதமானால் பதறுவது இயல்பே. ரோபோ அறுவையில் இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரம் வழக்கமான முறையைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதையும், திருத்தவே தாமதமாகியிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளலாம். வெளியே வரும் மருத்துவரிடம், கடைசி எக்கோவில் கசிவு எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள்.

மருத்துவமனையில்

சிக்கல் இல்லாவிட்டால் ஐ.சி.யூ.வில் ஒரு நாள், மொத்தத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வரை தங்க நேரும். விலா நரம்புகளின் வலி முதல் சில நாட்களில் கூர்மையாகவே இருக்கும், வலது தோளும் வலிக்கலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆழ்ந்து மூச்சு விடாமல் படுத்திருப்பதைவிட, மருந்து கேட்டு வாங்கி மூச்சுப் பயிற்சியும் நடையும் செய்வதே சரி. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு வரும். இதயத்தைத் திறந்து செய்யும் எந்த வால்வு அறுவையிலும் இது உண்டு, பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். குழாய் வைத்த காலில் குளிர்ச்சி, மரத்துப்போதல், கெண்டைக்கால் இறுக்கம் தோன்றினால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில்

மார்பெலும்பைப் பிளந்தவர்கள் எலும்பு கூடும் வரை ஆறு முதல் எட்டு வாரம் பாரம் தூக்காமல் இருக்க வேண்டும். ரோபோ முறையின் உண்மையான ஆதாயம் இங்கேதான்: பலர் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வழக்கமான வேலைக்கும் வாகனம் ஓட்டுவதற்கும் திரும்ப முடிகிறது. எலும்பு காயப்படவில்லை என்பதால் தெம்பாக உணர்ந்து இரண்டாவது வாரமே முழு வேகத்தில் இறங்கிவிடுகிறவர்களும் உண்டு. உள்ளே தைக்கப்பட்ட வளையம் திசுவோடு ஒன்றிப்போக மாதங்கள் ஆகும். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, நடையை நாள்தோறும் சிறிது கூட்டுவதே பாதுகாப்பானது.

குழாய் பொருத்திய தொடை இடுக்கில் உள்ள தழும்பு மார்பில் உள்ளதைவிட அதிகத் தொல்லை தரக்கூடும். ஈரம் தங்கும் இடம் என்பதால் அதை உலர்வாக வைத்திருங்கள், நிணநீர் கசிந்து வீக்கம் வந்தால் காட்டுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ எடை கூடுவது, படுத்தால் மூச்சுத் திணறுவது, காயத்திலிருந்து சீழ் வருவது, படபடப்பு நிற்காதது ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனையை அழைக்க வேண்டும். முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் வலுவிழத்தல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், வீட்டிலிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்கிவிடாதீர்கள். வால்வில் தொற்று உள்ளதா என்று கண்டுபிடிக்க கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டும். முன்பே மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி பிடிபடாமல் நழுவிவிடும். ஈறு தொடும் பல் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு தடுப்பு மருந்து ஒரு வேளை எடுக்க வேண்டும் என்பது வளையம் வைத்தவர்களுக்கும் பொருந்தும், செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு மட்டும் அன்று. எந்த நிறுவனத்தின் எந்த அளவு வளையம் அல்லது வால்வு உள்ளது என்று எழுதிய அட்டையைப் பணப்பையில் வைத்திருந்தால், பல் மருத்துவரிடமும் எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும் காட்டலாம். மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன் எடுத்த எக்கோவின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; முதல் சில மாதங்களிலும் அதன்பின் ஆண்டுதோறும் எடுக்கும் எக்கோக்கள் எல்லாம் அதனோடுதான் ஒப்பிடப்படும்.